யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிய நிலம்: டிராவலர் குடும்பங்களுக்கு இடம் பார்த்த அனுபவங்கள்

கவுன்சில் திட்டமிடல் பிரிவு, மிட்லண்ட்ஸ், இங்கிலாந்து

நாங்கள் சிலர் ஆளுக்கொரு பகுதியாக எழுதுகிறோம், நான் தொடங்குகிறேன். என் வேலையைச் சொன்னால் தெரிந்த தமிழர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஜிப்சிகளுக்கு கவுன்சில் எதுக்கு இடம் தேடிக் கொடுக்கணும்?" அதற்குப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரோமானி ஜிப்சிகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து பிரிட்டனில் இருக்கிறார்கள். ஐரிஷ் டிராவலர்கள் தனி இனம், அவர்கள் வரலாறு வேறு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இரு பிரிவினரும் சேர்ந்து 71,440 பேர். பெரும்பாலோர் இப்போது சாதாரண வீடுகளில்தான் இருக்கிறார்கள். காரவனில் (இழுத்துச் செல்லும் வண்டிவீட்டில்) வாழ்கிறவர்கள் முன்பு தங்கிவந்த பொதுநிலங்களை அடைத்துவிட 1960ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்கு அதிகாரம் கொடுத்தது. தங்க இடம் அமைத்துத் தரும் கடமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதே கவுன்சில்கள் மேல் வைத்தது. 1994இல் அந்தக் கடமையை நீக்கிவிட்டார்கள். வேல்ஸில் மட்டும் 2014ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில், தேவையைக் கணக்கிட்டு அதற்கான நிலத்தை உள்ளூர்த் திட்டத்தில் காட்ட வேண்டும் என்ற கொள்கை மட்டும் இருக்கிறது. அப்படிக் காட்டுவதற்குள்தான் உயிர் போய்விடும்.

ஊரைச் சுற்றிக் கட்டடம் வராமல் காக்கும் பசுமை வளைய நிலத்தில் ஓர் இடத்தைக் குறித்தாலே கவுன்சிலர்கள் கொதித்துப் போவார்கள். "ஊருக்குள் பிரவுன்ஃபீல்ட் நிலம் எவ்வளவோ சும்மா கிடக்கிறது, அங்கே பாருங்கள்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தேசியக் கொள்கையும், முன்பு கட்டடம் இருந்த நிலத்தையும் பாழடைந்த நிலத்தையும் பயன்படுத்தினால் கூடுதல் மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆக, பழைய மில், மூடிய டிப்போ, இடித்த தொழிற்சாலை என்று பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

முதல் அடி வெள்ளத்தில் விழும். பழைய தொழிற்சாலைகள் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும்தான் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வெள்ள ஆபத்து விதிகளில் நிரந்தரமாக வாழும் காரவன் 'மிக எளிதில் பாதிக்கப்படும்' வகை. அடுக்குமாடிக் குடியிருப்பு அதற்கு ஒரு படி கீழே. அதனால் வெள்ள ஆபத்து அதிகமுள்ள மண்டலம் 3இல் இருக்கும் ஒரு மில் வளாகத்தில் கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தமாக விட்டுவிட்டு, கூடுதல் சோதனைகளைத் தாண்டி, மேலே வீடுகளைக் கட்டலாம். அதே இடத்தில் காரவனுக்கு அனுமதியே கிடையாது. விதி சரியான விதிதான். தண்ணீர் வந்தால் காரவன் மிதக்கும், மாடியேறித் தப்பிக்க முடியாது. ஆனால் பட்டியலில் பெரும்பகுதி அங்கேயே காலி.

அடுத்து நிலத்தின் விலை. வெள்ளம் வராத, பள்ளிக்கும் பேருந்துக்கும் பக்கத்தில் இருக்கிற, நல்ல வடிவத்தில் உள்ள நிலம் ஏற்கெனவே பிரவுன்ஃபீல்ட் பதிவேட்டில் ஏறி, வீடு கட்டுபவர்களின் மேஜைக்குப் போயிருக்கும். ஒரு ஹெக்டேரில் ஐம்பது அறுபது வீடு கட்டலாம். டிராவலர் குடும்பம் ஒன்றுக்கான 'பிட்ச்'சில் ஒரு பெரிய காரவன், பயணத்துக்கான ஒரு சின்ன டிரெய்லர், இரண்டு வண்டி, குளியலறையும் சமையலறையும் உள்ள ஒரு சிறு கட்டடம் எல்லாம் வர வேண்டும். தீ பரவாமலிருக்க காரவன்களுக்கு நடுவே 6 மீட்டர் விட வேண்டும். சாலையையும் திரும்பும் இடத்தையும் சேர்த்தால் ஒரு ஹெக்டேரில் பதினைந்து பிட்ச் போட்டால் நெருக்கடிதான். கவுன்சிலின் சொத்துப் பிரிவு இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நிலத்தை விட்டுக்கொடுக்குமா? எங்களிடம் வந்து சேருவதெல்லாம் வீடு கட்டுபவர்களும் கிடங்கு கட்டுபவர்களும் தொட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டவை. பக்கத்தில் ரயில் பாதை, மறுபக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. லண்டனில் ஏ40இன் வெஸ்ட்வே மேம்பாலத்தடியில் இருக்கும் டிராவலர் தளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொரு கஷ்டம் சத்தம். செங்கல் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுச் சமாளிக்கலாம். காரவன் சுவர் மெல்லியது, எவ்வளவு செலவு செய்தாலும் ஓர் எல்லைக்கு மேல் சத்தத்தைத் தடுக்காது. உயரமான தடுப்புச் சுவர் கட்டலாம் என்பார் ஒலிப் பொறியாளர். அதே தேசியக் கொள்கை, உயரமான சுவரும் வேலியும் போட்டு உள்ளே இருப்பவர்களை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தது போன்ற தோற்றம் வரக்கூடாது என்கிறது. ரெண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை.

ஒரு மூடிய பேருந்து டிப்போவைப் பார்க்க, ஏற்கெனவே உள்ள தளத்தில் வாழும் ஒரு ரோமானிப் பாட்டியை அழைத்துப்போனோம். என்னிடம் மதிப்பெண் போடும் படிவம் இருந்தது. அந்த அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் வாசலுக்குப் போய், பள்ளிப் பேருந்து எங்கே நிற்கும், பிள்ளைகள் எந்தப் பக்கம் சாலையைக் கடப்பார்கள் என்று பார்த்தார். அப்புறம் ரயில் பாலத்தின் உயரத்தைக் காட்டி, "லாரியில் ஏற்றிய காரவன் இதுக்குக் கீழே நுழையாதே கண்ணு" என்றார். எங்கள் போக்குவரத்து அதிகாரி அதை அளந்திருக்கவில்லை. பக்கத்தில் மாமிசக் கழிவுக் கிடங்கு ஒன்று இருந்தது. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. "வேலை நாளில், வெயில் நேரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு வா. இப்போது எந்த இடமும் மணக்காது" என்றார். கழிப்பறை எங்கே வரும் என்றும் கேட்டார். சமைக்கிற, தூங்குகிற இடத்துக்குள் கழிப்பறை இருப்பதை அவர்கள் சுத்தமாகக் கருதுவதில்லை. அதனால் தனிக் கட்டடத்தில்கூடச் சமையலறைக்குள் நேராகத் திறக்காத கதவு வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நிலத்தடி ஆய்வுப் பொறியாளர், யார்க்ஷயர்

மிட்லண்ட்ஸ் அக்கா எழுதியதோடு மண்ணுக்குள் நடப்பதையும் சேர்க்கிறேன்.

எங்கள் வேலை பழைய வரைபடங்களில் தொடங்கும். 1890களின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் 'கேஸ் வொர்க்ஸ்' என்று ஒரு வட்டம் தெரிந்தால் போதும், மீதியை ஊகிக்கலாம். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த இடங்களில் தாரும், சயனைடு கலந்த நீல நிற மண்ணும் இருக்கும். தோண்டும்போது அந்த நீலத்தைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்க முடியாது.

மாசு இருப்பது மட்டுமே பிரச்சினை ஆகாது. நஞ்சு எங்கே இருக்கிறது, எந்த வழியாக வருகிறது, யாரைச் சேருகிறது என்ற மூன்றும் இணைந்தால்தான் ஆபத்து. இதில் 'யார்' என்பதை எழுதும் இடத்தில்தான் விளையாட்டு நடக்கும். மண்ணில் ஈயத்துக்கு 2014இல் வந்த அளவுகோலைப் பாருங்கள்: தோட்டத்தில் காய்கறி வளர்க்கும் வீட்டுக்கு கிலோவுக்கு 200 மில்லிகிராம், காய்கறி வளர்க்காத வீட்டுக்கு 310, வணிக வளாகத்துக்கு 2,330. ஒரு டிராவலர் தளத்துக்கு வந்த அறிக்கையை நான் சரிபார்த்தேன். எழுதிய ஆலோசகர் வணிக வளாகத்துக்கான அளவை எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "முழுக்க கான்கிரீட் தளம்தானே, காரவன் நிறுத்துமிடம் மாதிரி" என்றார். வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ஆளுக்கான அளவு அது. இங்கே இரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்கத் தரையில் விளையாடும். நாய் உண்டு, கோழி உண்டு, சில இடங்களில் குதிரையும் உண்டு. கான்கிரீட் போட்ட பிறகும் தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் அதை வெட்டத்தான் செய்வார்கள். அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். குடியிருப்புக்கான அளவை வைத்துப் பார்த்ததும், அரை மீட்டருக்கு மேல் மண்ணை மாற்றாமல் அந்த நிலம் தேறவில்லை.

பழைய குப்பைமேட்டின் மேல் அமைந்த இடங்களில் மீத்தேன் வரும். காரவன் தரையைத் தொடாமல் நிற்பதால் அடியில் காற்றோட்டம் இருக்கும், அந்த வகையில் வீட்டைவிட நல்லது என்று சொல்வார்கள். உண்மைதான், குளிருக்குப் பயந்து சுற்றிலும் பலகை அடிக்கிற வரைக்கும். அப்புறம் அது மூடிய பெட்டி. குளியலறைக் கட்டடம் எப்படியும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. கார்டிஃபில் ரோவர் வே தளத்துப் பக்கம் போனால் இன்னொரு வகைப் பாடம் கிடைக்கும். ஒருபக்கம் உருக்காலை, மறுபக்கம் கரையை அரித்துக்கொண்டே வரும் கடல்.

டப்ளினிலிருந்து

அயர்லாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் டிராவலர் குடியிருப்புக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டும். திட்டம் போடுவார்கள், கட்டுவதில்லை. 'தற்காலிகம்' என்று பெயர் வைத்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் குடும்பங்கள் இருக்கும். தற்காலிகம் என்பதால் இடைவெளி, தண்ணீர், தீத்தடுப்பு எதையும் யாரும் முழுசாகச் சரி செய்வதில்லை.

2015 அக்டோபர் 10ஆம் தேதி அதிகாலை டப்ளின் புறநகரான கேரிக்மைன்ஸில் அப்படியான ஒரு தற்காலிகத் தளத்தில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தப்பியவர்களைத் தங்கவைக்க உள்ளாட்சி வேறொரு நிலம் பார்த்தது. அந்தத் தெருக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வழியை மறித்தார்கள். நான் அப்போது அந்தப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்களில் நல்ல மனிதர்கள் என்று நினைத்த சிலர் மறித்தவர்கள் பக்கம் பேசினார்கள். இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டங்களில் உதவியவர், தெற்கு லண்டன்

நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைவிடப்பட்ட ஒரு மரக்கிடங்கை நாலு பிட்சுக்கு எடுக்கலாமா என்று கருத்துக் கேட்ட கூட்டத்தில், மேஜைக்குப் பின்னால் நான் நின்றேன். வயதான ஈழத்தமிழர் ஒருவர் வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "தம்பி, நீங்களும் எங்கட ஆள்தானே, இதை எப்படியாவது நிப்பாட்டுங்கோ. வீட்டு விலை விழுந்திடும்." ஐயா எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். 1986 என்றார். முதலில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை என்று அவரே சொன்னார். அதைச் சொன்ன பிறகும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். கோபப்படத் தோன்றவில்லை, ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

வந்த கடிதங்களில் ஒரு வகை எனக்கு வேடிக்கையாக இருக்கும். "அந்த மண்ணில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, பாவம், அவர்கள் உடம்புக்கு ஆகாது" என்று எழுதுவார்கள். அதே நிலத்தில் அடுத்த ஆண்டு அடுக்குமாடி விண்ணப்பம் வந்தபோது ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு கடிதமும் இல்லை. இனவெறியோடு எழுதுபவற்றை கவுன்சில் வெளியிடாது. அது தெரிந்துதான் பலர் இப்போது உடல்நலம், போக்குவரத்து என்று எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிதக் குவியலுக்குள்ளேயே உண்மையான உடல்நலக் கேள்வியும் ஒளிந்திருக்கும். யார்க்ஷயர் அண்ணன் சொன்ன மாதிரி அதைப் பிரித்தெடுக்க மண்ணைத்தான் தோண்ட வேண்டும்.

மிட்லண்ட்ஸ், மீண்டும்

"அப்படியானால் ஊருக்குள் இருக்கும் நிலம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை. ஊருக்குள் இருந்தால் மருத்துவர், பள்ளி, வேலை எல்லாம் கைக்கெட்டும். குடும்பங்களும் அதைக் கேட்கிறார்கள். நான் கேட்பது வரிசையை. வீட்டுக்கு நிலத்தைப் பிரிக்கும் அதே நாளில், அதே மேஜையில், பிட்சுக்கும் பிரிக்க வேண்டும். பெரிய நிலத்தை வீடு கட்டும் நிறுவனத்துக்குக் கொடுக்கும்போதே ஒரு மூலையில் நாலைந்து பிட்ச் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எல்லாம் போன பிறகு மிச்சத்தை மதிப்பிடச் சொன்னால், எவ்வளவு நேர்மையாக மதிப்பிட்டாலும் விடை ஒன்றுதான்.

குடும்பங்கள் தாங்களே வாங்கிய நிலமும் இருக்கிறது. எசெக்ஸின் டேல் ஃபார்ம் பழைய இரும்புக்கிடங்கு. கான்கிரீட்டும் பழைய இரும்பும் கிடந்த இடம். ஆனால் அது பசுமை வளையத்துக்குள் இருந்தது, 2011 அக்டோபரில் சுமார் எண்பது குடும்பங்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். ஊருக்குள் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக ஸ்ட்ராட்ஃபோர்டின் கிளேஸ் லேன் தளத்தை 2007இல் காலி செய்தார்கள். யாரும் சீந்தாத நிலமாக இருந்த வரைக்கும் அங்கே இருக்க விட்டார்கள், விலை ஏறியதும் கிளம்பச் சொன்னார்கள்.

லீட்ஸில் 'பேசி முடிவு செய்த தங்கல்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கவுன்சிலும் குடும்பமும் உட்கார்ந்து பேசி, சும்மா கிடக்கும் ஒரு நிலத்தில் இத்தனை நாள், இன்னின்ன நிபந்தனை என்று ஒப்புக்கொள்வார்கள். கவுன்சில் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் கொடுக்கும். துரத்துகிற செலவைவிடக் குறைவு. நிரந்தர இடத்துக்கு இது மாற்றாகாது, ஆனால் இடைக்காலத்துக்கு நான் பார்த்ததில் உருப்படியானது இதுதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு விஷயம். யார் டிராவலர் என்பதற்குத் தேசியக் கொள்கையில் உள்ள வரையறையை 2024 டிசம்பரில் விரித்திருக்கிறார்கள்; பயணத்தை நிறுத்திவிட்டாலும் காரவனில் வாழும் மரபு உள்ளவர்கள் கணக்கில் வருவார்கள். பழைய தேவைக் கணக்கை வைத்து நிலம் தேடாதீர்கள். அடுத்தது, ஜூன் முதல் வாரங்களில் குடும்பங்களைச் சந்தித்துக் கணக்கெடுக்க நாள் குறிக்காதீர்கள். பாதிப் பேர் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குப் போயிருப்பார்கள், ஆலோசகர் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்.