குலசை தசராவும் வராத பணமும்: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: ஒரு நிறுவனம் நான் எடுத்துக்கொடுத்த விளம்பரப் புகைப்படங்களுக்கான தொகையை நாலு மாதமாக இழுத்தடிக்கிறது, கையில் காசில்லாமல் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கிளம்புகிறேன் என்று.

பணம் வந்துவிட்டது, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 10 சதவீதம் போக. அதைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி பில்லோடு வேலையை உறுதிசெய்த மின்னஞ்சலையும் சேர்த்து, கணக்குப் பிரிவுக்கே நேராக அனுப்பினேன். அப்புறம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் படித்தேன். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். இத்தனை வருடம் இது தெரியாமலே படம் எடுத்திருக்கிறேன். இனி எழுதி வாங்காமல் வேலையில்லை.

சரி, குலசை. சூரசம்ஹார இரவு, கடற்கரை முழுக்கக் கூட்டம். ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 6400, 35 எம்எம் லென்ஸ் ஒன்றுதான். உப்புக்காற்றிலும் மணலிலும் லென்ஸ் மாற்றத் துணியவில்லை. ஃபிளாஷ் போடவே இல்லை. விரதமிருந்து, வேடமிட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, ஊர்க்கோயில் முத்தாரம்மனுக்குச் செலுத்த வந்தவர்களின் முகத்தில் வெளிச்சத்தை அடிக்க மனம் வரவில்லை. நிறையப் படங்கள் அசைந்துபோயின. பரவாயில்லை.

காளி வேடத்தில் இருந்த ஒருவர், கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "அண்ணாச்சி, எங்க அம்மாவுக்கு ஒரு பிரிண்டு வேணும்" என்றார். வந்த பணத்தில் முதல் செலவு அதுதான். நேற்று தபாலில் அனுப்பினேன்.