புதுப்பிப்பு: தம்பியின் ஆன்லைன் ரம்மி

தம்பி ரம்மியில் பணம் விடுகிறான், இது பொழுதுபோக்கா, பிரச்சினையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினைதான்.

வங்கிக் கணக்கை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். தொகையை விட நேரம்தான் பயமுறுத்தியது. நள்ளிரவு தாண்டி 500, சற்று நேரத்தில் இன்னொரு 500, அப்புறம் 1,000. "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடலாம்னு நினைச்சேன்க்கா" என்றான். மனநல மருத்துவரும் அந்தப் பேச்சைத்தான் முதலில் குறித்துக்கொண்டார். இழந்ததைத் துரத்துவது, வீட்டில் மறைப்பது, நிறுத்தினால் எரிச்சல் என்று மொத்தம் 9 அறிகுறிகள். ஓராண்டுக்குள் 4 இருந்தாலே சூதாட்டக் கோளாறு என்றார்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தால் தானாக நின்றுவிடும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நிற்கவில்லை. வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் டெலிகிராமில் வந்துவிட்டது.

இப்போது சம்பளம் அம்மா கணக்குக்குப் போகிறது. கடனை நாங்கள் மொத்தமாக அடைக்கவில்லை. அடைத்துவிட்டால் மறுபடி ஆடத் துணிவு வரும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தவணையாக அவனே கட்டுகிறான். இரவில் தவிப்பு வந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கிறான். இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.