ஜப்பானியக் 'கி'க்குத் தமிழ்ச்சொல்: உயிராற்றலா, உயிர்ப்பா?

அன்புடையீர், வணக்கம்.

மூச்சு, மனநிலை, சூழல் ஆகியவற்றையெல்லாம் தழுவும் ஜப்பானிய மொழியின் 'கி' என்னும் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நாம், 'உயிராற்றல்' என்பதை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 'ஆற்றல்' என்பது இயற்பியலில் அளக்கத்தக்க ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டதால், அதைப் பள்ளியில் படித்தவர் 'உயிராற்றல்' என்றதும் ஜூல் கணக்கில் அளக்கக்கூடிய ஏதோ ஒன்று உடலுக்குள் ஓடுவதாகவே கொள்வார்.

ஜப்பானியர் பேச்சில் இச்சொல் பரவியிருக்கும் விதமே வேறு. நலமாயிருத்தல் 'கெங்க்கி', அதாவது மூலக் கி. நோய் 'ப்யோக்கி', பிணியுற்ற கி. வானிலை 'தெங்க்கி', வானத்தின் கி. முன்கோபிக்குக் கி குட்டை, பொறுமைசாலிக்கு நீளம். காற்றுக்குப் பெயர் 'கூக்கி'. ஓர் அவையில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத மனநிலையை உணர்ந்து நடப்பதை, அந்தக் கூக்கியைப் படிப்பது என்பார்கள். உடலுக்கும் மனத்துக்கும் புறவெளிக்கும் நடுவே சுவர் எழுப்பாத சொல் இது. 1713இல் வெளிவந்த 'யோஜோக்குன்' என்னும் உடல்நல நூலில் ஜப்பானிய அறிஞர் கைபரா எக்கிக்கென், நோய்கள் யாவும் கியிலிருந்தே பிறக்கின்றன என்றும், ஆதலால் கியைச் சீராக வைத்திருப்பதே நலம் பேணும் நெறி என்றும் கூறுகிறார்.

எனக்கு முதலில் தோன்றிய சொல் 'ஆவி'. கியின் பழைய எழுத்துவடிவில், மேலெழும் ஆவியைக் காட்டும் கோடுகளுக்கு அடியில் அரிசியைக் குறிக்கும் எழுத்து இருந்தது. 1949ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் அரிசி மறைந்து இரு குறுக்குக் கோடுகள் வந்தன. நமக்கும் உலையிலிருந்து எழுவது ஆவி, உடலைவிட்டுப் பிரிவதும் ஆவி. இவ்வளவு நெருக்கமான பொருத்தம் வேறெந்தச் சொல்லிலும் இல்லை. ஆயினும் இன்றைய வாசகருக்கு 'ஆவி' என்றால் பேய் என்பதே முந்திக்கொண்டு வருவதால், மனமில்லாமல் அதை விடுகிறேன்.

பிராணனும் வளியும் முறையே யோகத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் உரிய தனிக் கோட்பாடுகளைச் சுமப்பவை; இங்கே குழப்பும்.

எனவே 'உயிர்ப்பு' என்பதை முன்வைக்கிறேன். 'நாகம் உயிர்ப்பக் கெடும்' என்னும் குறளில் (763) உயிர்த்தல் என்பது மூச்சுவிடுதல். இன்றும் 'பேச்சில் உயிர்ப்பில்லை', 'உயிர்ப்பான கூட்டம்' என்கிறோம். மூச்சு, மனநிலை, அவையின் சூழல் மூன்றும் அடங்குகின்றன. கிறித்தவத் தமிழில் இது இயேசு மீண்டெழுந்ததைக் குறிக்கிறது என்ற தடையை நான் அறிவேன். இடம் நோக்கிப் பொருள் தெளியும் என்றே கருதுகிறேன். வானிலைக்குப் பொருந்தாது, அங்கே நம் சொல்லே போதும்.

பெயர்களில் மட்டும் 'கி' நிற்கட்டும். ஆனால் சொல்லிடையில் ஒற்று மிகாவிட்டால் ஒலி மெலிந்துவிடுமாதலால் 'ரெய்க்கி' (கைவைத்து நலமளிக்கும் முறை), 'ஐக்கிடோ' (தற்காப்புக் கலை) என்றே எழுதுவோம்.

மாற்றுச்சொல் தருவோர், மேலே கூறிய எக்கிக்கெனின் கூற்றில் அதைப் பொருத்திக் காட்டி எழுத வேண்டுகிறேன்.