கேசினோவைப் பழிவாங்கிய கெல்லி சன்: நியாயமா, மோசடியா?

நெல்லை குமரன்

திருடர் கூட்டம் ஒன்று கூடி, தங்கள் ஆளை நாசமாக்கிய கல்நெஞ்சக்கார கேசினோ முதலாளியின் கஜானாவைக் காலி செய்யும் படங்களைப் பற்றிப் போன வாரம் இங்கே பேச்சு வந்தது. "அதெல்லாம் படத்தில்தான் நடக்கும்" என்று சிலர் எழுதியிருந்தார்கள். நிஜத்திலும் நடந்திருக்கிறது. அதில் துப்பாக்கியும் இல்லை, சுரங்கமும் இல்லை.

செயுங் யின் சன் என்ற பெண்மணி. கெல்லி சன் என்றும் சொல்வார்கள். லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கம்பெனியின் எம்ஜிஎம் கிராண்ட் சூதாட்ட விடுதியில் ஒரு லட்சம் டாலர் கேசினோ கடன் திரும்பக் கட்டப்படாமல் போனதற்காக அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்தக் கடனே வேறு ஒருவருக்காக வாங்கியது என்கிறார் அவர். சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர், அந்தக் கம்பெனியிடமிருந்தே பணத்தைப் பிடுங்குவேன் என்று சபதம் எடுத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வழி என்ன தெரியுமா? சீட்டின் முதுகு. அச்சடித்து வெட்டும்போது டிசைன் இம்மி பிசகினால் ஒரு நீள ஓரத்தில் முழு வட்டம் தெரியும், எதிர் ஓரத்தில் பாதி வட்டம்தான் தெரியும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கண்ணாலேயே பிடிக்கும் அளவுக்குப் பயிற்சி எடுத்தார். பக்காரட் என்ற சீட்டாட்டத்தில் 9-க்குப் பக்கத்தில் வருபவர் ஜெயிப்பார். 7, 8, 9 மாதிரி நல்ல சீட்டு வரும்போது "இது ராசி, இப்படித் திருப்பு" என்று மேசையில் சீட்டுப் போடும் டீலரிடம் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கட்டு முழுக்க நல்ல சீட்டு ஒரு பக்கமும் மற்றவை எதிர்ப்பக்கமும் பார்த்தபடி நிற்கும். கலைக்கும் மெஷின் வரிசையை மாற்றுமே தவிர, எந்தச் சீட்டையும் தலைமாற்றிப் போடாது. அடுத்த சுற்றில் முதல் சீட்டு வெளியே வரும் முன்பே அதன் முதுகு பேசிவிடும், அதைப் பார்த்துப் பந்தயம் கட்டலாம்.

இப்படியெல்லாம் கேட்டால் சாதாரண ஆளுக்கு யார் செய்து கொடுப்பார்கள்? அதற்காகத்தான் போக்கர் உலகின் பெரிய தலை பில் ஐவியைச் சேர்த்துக்கொண்டார். 2012-ல் நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில் போர்காட்டா கேசினோவில் நான்கு தடவை உட்கார்ந்து 96 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் க்ராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் இரண்டு நாளில் 77 லட்சம் பவுண்டு.

என் கட்சி இதுதான்: சீட்டைக் கையால் தொடவில்லை, மை தடவவில்லை, நகத்தால் கீறவில்லை. கேசினோ கொடுத்த சீட்டை, கேசினோவின் ஆளே திருப்பினார். இது சுத்தமான பழிவாங்கல்.

பார்கவி (வழக்கறிஞர்)

குமரன் அண்ணா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். க்ராக்ஃபோர்ட்ஸ் அந்த 77 லட்சத்தைக் கொடுக்கவே இல்லை. ஐவி கட்டிய பத்து லட்சம் பவுண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தது. ஐவிதான் வழக்குப் போட்டார், மூன்று கட்டத்திலும் தோற்றார். 25 அக்டோபர் 2017 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், இது ஏமாற்று என்று.

காரணம் எளிது. பக்காரட் முழுக்க முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம். முதல் சீட்டு என்னவென்று இரு தரப்புக்கும் தெரியக் கூடாது, அந்த ஆட்டத்தின் அடிப்படையே அதுதான். சும்மா உட்கார்ந்து, தானாக வந்த குறையைக் கவனித்திருந்தால் பேச்சு வேறு. இவர்கள் கட்டையே அடுக்கினார்கள். டீலர் கையால் அடுக்க வைத்ததால் அது அடுக்கியதாக ஆகாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐவி உண்மை பேசும் சாட்சி, தான் செய்தது ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை என்பதை விசாரணை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அப்படியும் தோற்றார். அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டார் என்பதை வைத்து அளக்க முடியாது, நடந்தது தெரிந்த சாதாரண நேர்மையான மனிதர் என்ன சொல்வார் என்பதுதான் அளவுகோல் என்றது உச்ச நீதிமன்றம். 1982 முதல் அங்கே குற்ற வழக்குகளில் நேர்மையின்மையை அளக்க இருந்த பழைய அளவுகோலையே இந்தச் சீட்டாட்ட வழக்கு மாற்றிவிட்டது. சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் இன்று இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

பினாங்கு செல்வம்

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருக்கிறது. பழிவாங்கல் என்கிறீர்கள். யாரை?

சிறையில் போட்டது எம்ஜிஎம் கொடுத்த புகார். லண்டன் க்ராக்ஃபோர்ட்ஸ் எங்கள் மலேசியாவின் கெந்திங் குழுமத்துடையதாக இருந்தது. வழக்கின் பெயரே "ஐவி எதிர் கெந்திங் கேசினோஸ்". இந்த அம்மாவை அவர்கள் என்ன செய்தார்கள்? வேகாஸில் பட்ட காயத்துக்கு லண்டனில் போய்க் கைவைத்தால் அது பழிவாங்கல் இல்லை, தொழில். சபதத்தை வைத்து அந்தத் தொழிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். கேசினோ முதலாளிகள் மேல் எனக்கு எந்தப் பரிவும் கிடையாது. சூதாடக் கெந்திங் மலைக்குப் போய்த் திரும்பியவர்களை எங்கள் தோட்டத்துக் குடும்பங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கதையை வீரக்கதையாக ஆக்காதீர்கள் என்கிறேன். ஜெயிக்க ஒரு ரகசிய வழி இருக்கிறது என்று நம்புகிறவன்தான் இருக்கிற சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறுகிறான்.

நெல்லை குமரன்

செல்வம் அண்ணே, அப்போது போர்காட்டாவில் பாதிப் பங்கு எம்ஜிஎம்முடையதாகவும் மீதி பாய்ட் கம்பெனியுடையதாகவும் இருந்தது. ஆக, முகவரி முழுக்கத் தப்பில்லை. லண்டன் விஷயத்தில் நீங்கள் கேட்பதற்கு என்னிடம் அவ்வளவு நல்ல பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா விடுதியும் நடத்துவது ஒரே வியாபாரம்தானே. தோற்கிறவனை அணைத்துக்கொள்வார்கள், ஜெயிக்கிறவனைத் துரத்துவார்கள். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டெல்லாம் போய்விட்டது என்று மனசுக்குள் எண்ணி ஜெயித்த கென் உஸ்டனை ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் கேசினோ வெளியே தள்ளவில்லையா? அவர் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல்தான் ஜெயித்தார். வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் இன்றும் சீட்டு எண்ணுகிறவனை வெளியே போகச் சொல்லலாம். மூளையைப் பயன்படுத்துவதையே குற்றமாகப் பார்க்கும் இடத்தில் வேறு எப்படித்தான் அடிப்பது?

அருண்மொழி

நான் குமரன் பக்கம். சன் ஏன் அவ்வளவு கொதித்தார் என்பதை யாருமே சரியாகத் தொடவில்லை.

கேசினோ கடனை அங்கே மார்க்கர் என்பார்கள். நெவாடா சட்டத்தில் அது கிட்டத்தட்டக் காசோலைக்குச் சமம். அது பணமில்லாமல் திரும்பினால் செல்லாத காசோலை கொடுத்த குற்றம். கேசினோ நேராக மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்துவிடும், அங்கே இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எந்த வியாபாரியாவது, குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு நள்ளிரவில் கடன் நீட்டி, அந்தப் பணத்தைத் தன் மேசையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டு, மறுமாதம் அவனைக் கைது செய்யச் சொல்ல முடியுமா? அரசாங்கமே வசூல் ஆள் வேலை பார்க்கிறது. படத்தில் வரும் கொடூர முதலாளிக்காவது அடியாள் கூலி கொடுக்க வேண்டும்.

அடுத்து, ஐவி மேல் போர்காட்டா போட்ட வழக்கு. ஜெயித்த பணத்தில் ஐவி அங்கேயே தாயக்கட்டை உருட்டி இன்னொரு ஐந்து லட்சத்துச் சொச்சம் ஜெயித்தார். தாயக்கட்டையில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. 2016 டிசம்பரில் நீதிபதி ஹில்மன் அதையும் சேர்த்து ஒரு கோடியே ஒரு லட்சம் டாலருக்கு மேல் திருப்பச் சொன்னார். அந்த ஐந்து லட்சத்தைத் தோற்றிருந்தால் போர்காட்டா திருப்பிக் கொடுத்திருக்குமா?

அதே நீதிபதி மோசடிக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார் என்பதையும் பார்கவி சொல்ல வேண்டும். அங்கே நின்றது ஒப்பந்த மீறல் மட்டும்தான்.

பார்கவி (வழக்கறிஞர்)

சொல்கிறேன், மறைக்க எதுவும் இல்லை. மோசடி நிற்கவில்லை. ஆனால் ஒப்பந்த மீறல் எதனால்? மாநிலச் சட்டம் தடுக்கும் "குறியிட்ட சீட்டு" இதுதான் என்று அவர் கண்டதால். குறி என்றால் மைதான் வேண்டும் என்பதில்லை, ஒரு தரப்புக்கு மட்டும் தெரியும்படி திருப்பி வைப்பதும் குறிதான் என்றார். தாயக்கட்டைப் பணத்தைப் பற்றி உங்கள் கோபம் புரிகிறது, எனக்கும் அது கடுமையாகத்தான் படுகிறது. ஒப்பந்தத்துக்கு முன்பிருந்த நிலைக்கே இரு தரப்பையும் கொண்டுபோவது என்ற கணக்கு அது.

குமரன் அண்ணா கேட்ட "வேறு எப்படி அடிப்பது" என்பதற்கு டான் ஜான்சனைப் பாருங்கள். பிளாக்ஜாக் ஆட்டக்காரர். அட்லாண்டிக் சிட்டி வியாபாரம் படுத்திருந்த நேரம், பெரிய ஆட்டக்காரர்கள் வந்தால் போதும் என்று விடுதிகள் ஏங்கிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து பேரம் பேசினார். தோற்றால் இருபது சதவீதம் தள்ளுபடி, தனக்குச் சாதகமான சில சின்ன விதிகள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சாதகம் அவர் பக்கம் போய்விட்டது. ட்ராபிகானா, போர்காட்டா, சீசர்ஸ் மூன்றிலுமாக சுமார் ஒன்றரைக் கோடி டாலர் ஜெயித்தார். கவனியுங்கள், அதே போர்காட்டா. யாரும் வழக்குப் போடவில்லை, ஒரு டாலர்கூடத் திரும்பிப் போகவில்லை. பேரத்தில் என்ன கேட்கிறார் என்பது எதிரில் இருந்தவர்களுக்குத் தெரியும். சன் கேட்டதற்கோ "ராசி" என்று பொய்க் காரணம் தேவைப்பட்டது. எனக்கு எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது.

மேசைக்காரி

இத்தனை பேர் பேசியும் ஒரு ஆளை எல்லோரும் "டீலர்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிறீர்கள். நான் கப்பல் கேசினோவில் டீலராக வேலை பார்த்தவள், அதனால் எழுதுகிறேன்.

டீலர் மேசைக்கு வந்ததும் இரு கையையும் விரித்துத் திருப்பிக் காட்ட வேண்டும், கிளம்பும்போதும் அப்படியே. மேலே இருக்கும் கேமராவுக்காக. சட்டையில் பை இருக்காது. மூக்கு அரித்தால்கூடக் கையைக் காட்டிவிட்டுத்தான் தொடணும். எங்கள் மேல் அவ்வளவு சந்தேகம். அதே சமயம் பெரிய ஆட்டக்காரர் என்ன கேட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது. சீட்டை மடக்குவார்கள், ஊதுவார்கள், நாற்காலியை மாற்றுவார்கள், டீலரையே மாற்றச் சொல்வார்கள். பக்காரட் மேசையில் ராசி, சகுனம் எல்லாம் தினசரி விஷயம். "இப்படித் திருப்பு" என்று ஒருவர் சொன்னால் மேற்பார்வையாளரைப் பார்ப்போம், அவர் தலையாட்டினால் திருப்புவோம்.

லண்டனில் டீலராக இருந்த பெண்ணுக்குத் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாது, தீர்ப்பிலேயே அது இருக்கிறது. சன் அவரிடம் கான்டனீஸ் சீனத்தில் பேசி, சிரித்து, நல்லது கெட்டது என்று சொல்லிச் சொல்லித் திருப்ப வைத்தார். போர்காட்டாவில் முன்கூட்டியே வைத்த ஐந்து நிபந்தனைகளில் ஒன்று மாண்டரின் சீனம் பேசும் டீலர் வேண்டும் என்பது. அதாவது, கருவி இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கேசினோ முதலாளியைப் பழிவாங்கக் கிளம்பிய கூட்டம் கடைசியில் உள்ளே இருப்பவர்களில் ரொம்பச் சின்ன சம்பளக்காரியின் கையைத்தான் பயன்படுத்தியது. மறுநாள் கேமராப் பதிவை ஓட்டிப் பார்க்கும்போது திரையில் திருப்பிக்கொண்டிருப்பது யார் கை? கோடிகள் கைமாறிய மேசையில் இருந்த டீலரை எந்த விடுதி மேலாளர் தட்டிக்கொடுப்பார்?

இதை அருண்மொழி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அருண்மொழி

நியாயமான கேள்வி அக்கா. ஆனால் டீலரை அந்த இடத்தில் நிறுத்தியது யார்? தனி அறை, மாண்டரின் டீலர், சன்னுக்கு இருக்கை, ஊதா நிறச் சீட்டுக்கட்டு எட்டு, கலைக்கும் மெஷின். ஐந்தையும் ஒத்துக்கொண்டது போர்காட்டா நிர்வாகம். ஒரு ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் வரை பந்தயம் என்றதும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது அவர்களுக்கு. அப்புறம் சீட்டு அச்சடித்த ஜெமாகோ கம்பெனி மேலேயும் வழக்குப் போட்டார்கள். அதில் கிடைக்கக்கூடியது சீட்டின் விலை மட்டும்தான் என்று ஆகிவிட்டது, இருபத்தேழு டாலர் அளவு.

ஒரு சந்தேகம், நீங்கள்தான் சொல்ல முடியும். இதை அன்றைக்கு மேசையிலேயே நிறுத்தியிருக்க முடியுமா?

செல்லமுத்து

பழிவாங்கல் என்று பேசுவதால் ஒன்று. 1980-ல் ஜான் பிர்கஸ் என்பவர் சூதில் ஏழரை லட்சம் டாலர் விட்டுவிட்டு, நெவாடா ஹார்வேஸ் விடுதிக்குள் ராட்சத வெடிகுண்டு கொண்டுபோய் வைத்து முப்பது லட்சம் டாலர் கேட்டார். செயலிழக்க வைக்கப் போன இடத்தில் அது வெடித்துக் கட்டடத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் யாரும் சாகவில்லை. அவர் 1996-ல் சிறையிலேயே இறந்தார். இதோடு வைத்துப் பார்த்தால் சன் செய்தது எனக்குப் பெரிய தப்பாகத் தெரியவில்லை.

பினாங்கு செல்வம்

குண்டு வைத்தவரோடு ஒப்பிட்டால் எல்லோருமே நல்லவர்கள்தான் செல்லமுத்து. அந்தத் தராசு வேண்டாம்.

மேசைக்காரி

அருண்மொழி, நிறுத்தியிருக்கலாம், சில விநாடி வேலை. கலைக்கும்போது பாதிக் கட்டை எடுத்து 180 டிகிரி திருப்பிச் சேர்த்தால் போதும். அடுக்கியது எல்லாம் போய்விடும். பல இடங்களில் டீலருக்கு இப்போது இதைப் பழக்குகிறார்கள். ஓரத்தில் டிசைனே இல்லாமல் வெள்ளைக் கரை வைத்த சீட்டும் வாங்குகிறார்கள். இல்லாவிட்டால், சுற்று முடிந்ததும் அந்தக் கட்டை எடுத்துவிட்டுப் புதுக்கட்டு போட்டிருக்கலாம். க்ராக்ஃபோர்ட்ஸில் இவர்கள் ஜெயித்த பிறகு "நாளைக்கும் இதே சீட்டு இருந்தால் வருகிறோம்" என்றார்கள், மேலிடம் எடுத்து வைத்துக் கொடுத்தது. அந்த முடிவை டீலர் எடுக்க முடியாது. அந்தப் பழியில் பாதி நிர்வாகத்துக்குப் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. மீதிப் பாதியைச் சன்னும் ஐவியும் சுமக்கணும்.

நெல்லை குமரன்

மேசைக்காரி அக்கா, அந்தப் பாதிக்கணக்கு எனக்குச் சம்மதம். மார்க்கர் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். கடனுக்காகச் சிறை போன பெண் அந்தக் கம்பெனி மேல் கைவைக்க நினைத்ததைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. போர்காட்டா வழக்கும் 2020-ல் மேல்முறையீட்டில் இருக்கும்போதே சமரசத்தில் முடிந்துவிட்டது.

பார்கவி, லண்டன் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் லேடி ஜஸ்டிஸ் ஷார்ப் மட்டும் ஐவிக்குச் சாதகமாக எழுதியிருக்கிறார். நீங்கள் அதைத் தொடவே இல்லை. முழுசாகப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அங்கிருந்து பேசலாம்.