நடுவில் காய்ந்து வளையமாகிவிட்ட அலங்காரப் புல் தூர்களை மீட்க முடியுமா?

கேள்வி – பெருந்துறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நடைபாதை ஓரத்துச் செம்மண்ணில், ஊதா இலை கொண்ட பவுண்டன் கிராஸ் ஆறு தூர் நட்டோம். இரண்டு ஆண்டுகள் கதிர் சாய்ந்தாட அழகாக நின்ற அவை, இந்தச் சித்திரைக்குப் பிறகு நடுப்பகுதி காய்ந்து, ஓரத்தில் மட்டும் இலை விட்டு, தரையில் சும்மாட்டை வைத்தது போல் ஆகிவிட்டன. சொட்டுநீரில் தினமும் அரை மணி நேரம் தண்ணீர் விடுகிறோம். மாதம் ஒரு முறை சாணி எரு இடுகிறோம். வெயில் தாக்காதிருக்கத் தூரை மூடித் தென்னை நார்க்கழிவும் குவித்திருக்கிறோம். ஒரு முறைகூட அரிந்ததில்லை. பூஞ்சாண மருந்து தெளிக்கும்படி ஒருவர் சொன்னார். இது அம்மா ஆசையாக நட்ட செடி என்பதால், தவறான ஒன்றைச் செய்துவிட அஞ்சுகிறேன்.

பதில் – கோபிசெட்டிபாளையத்திலிருந்து

மருந்து வாங்கும் முன், தயவுசெய்து நார்க்கழிவை விலக்கிவிட்டு நடுத்தூரின் தாள்களைக் கையால் இழுத்துப் பாருங்கள் தம்பி. உலர்ந்து நொறுங்கினால் அது நோயன்று, முதுமை. வழவழத்து, நாற்றத்துடன் பிடுங்கிக்கொண்டு வந்தால் அழுகல். தூர் கட்டி வளரும் புல் புதுக் குருத்துகளை வெளிவிளிம்பிலேயே விடுகிறது. பழைய தாள்கள் நடுவில் செத்து அங்கேயே நின்று, வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து நடாத எந்தத் தூருக்கும் இந்த நிலை வரும்.

பதில் – காங்கயத்திலிருந்து

எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரி நிலம்), கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் தூர் தூராக நிற்கிறது. அதற்கு யாரும் சொட்டுநீர் போடுவதில்லை, நார்க்கழிவு மூடுவதுமில்லை. மாடும் ஆடும் மாறி மாறி மேய்வதால் பழைய தாள் தங்காமல், மழை விழுந்ததும் அடியிலிருந்து குருத்து வெடிக்கிறது. அதுவும் உங்கள் புல்லும் ஒரே இனக் குடும்பத்தின் நெருங்கிய உறவுகள்தாம். உங்கள் தோட்டத்தில் மேய்ச்சல் இல்லாததால் அந்த வேலையைப் பன்னரிவாள்தான் செய்ய வேண்டும்: ஆண்டுக்கு ஒரு முறை, தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு அரியுங்கள். தினசரித் தண்ணீரும் மாத எருவும் இதற்கு மிகை. எரு கூடினால் இலை கொழுத்துச் சாயும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. இழுத்துப் பார்த்தேன். நான்கு தூர்கள் உலர்ந்து நொறுங்குகின்றன. குழாய் முனையை ஒட்டிய இரண்டு மட்டும் வழவழப்பாக இருந்து, நாற்றமும் அடிக்கிறது. எல்லாவற்றையும் இந்த ஆடியிலேயே பிரித்துவிடலாமா?

பதில் – கோபிசெட்டிபாளையத்திலிருந்து

உலர்ந்த நான்கையும் இப்போது தொட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று, வேர் பிடிக்காத பிரிவுகளை ஓரிரு நாளில் வதக்கிவிடும். புரட்டாசியில் மண் சற்று ஈரமானதும், இலையை அரிந்துவிட்டுத் தூரைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பிக் கட்டியாகத் தூக்குங்கள். விளிம்பின் பச்சைப் பகுதியைக் கத்தியாலோ மண்வெட்டியாலோ வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நான்கைந்து குருத்தும் நல்ல வேரும் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள். குருத்தின் அடி புதைந்தால் மறுபடியும் அழுகும். நடுப்பகுதியை எருக்குழியில் போட்டுவிடலாம். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அழுகிய இரண்டும் காத்திருக்காது. இன்றே அந்தக் குழாய் முனையை அடைத்து, கெட்டியான விளிம்புக் குருத்துகளை மட்டும் கழுவிப் பிரித்து, மணல் கலந்த மண் நிரப்பிய பைகளில் நட்டு, காற்றுப் படாத நிழலில் வையுங்கள். கெட்ட பகுதியை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

பதில் – காங்கயத்திலிருந்து

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடைவெளியை நிரப்ப விதை வாங்கித் தூவ எண்ணினால், பச்சை இலை வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் விதை காற்றில் பறந்து பரவக்கூடியது. ஹவாய்த் தீவுகளில் அது பெரும் களையாகிவிட்டது. நம் மேய்ச்சல் நிலங்களுக்கு அப்படி ஒன்று வர வேண்டாம். ஊதா வகை பெரும்பாலும் முளைக்கும் விதை கட்டுவதில்லை என்பதால், தூர் பிரித்தே பெருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நார்க்கழிவை அகற்றிவிட்டேன். அழுகிய இரண்டிலிருந்து ஏழு துண்டுகள் தேறின. கிழக்குச் சுவரோரம் வேப்பமர நிழலில் பைகளில் நிற்கின்றன. இனி மற்ற நான்கிற்கும் வாரம் இரு முறை மட்டுமே தண்ணீர் விடுவதாக இருக்கிறேன். பிரித்து நட்டபின் புரட்டாசியில் மீண்டும் எழுதுகிறேன்.