பொன்டூன் படகில் அம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கரும்: பற்றரி இறங்கிப் போகிறது, என்ன செய்யலாம்?

கெஸ்விக்_தம்பி:
வணக்கம். கனடாவின் சிம்கோ ஏரியில் எங்களிடம் 20 அடி அலுமினியப் பொன்டூன் (மிதவைக் குழாய்களின் மேல் தளம் போட்ட படகு) ஒன்று நிற்கிறது, 60 குதிரைவலு அவுட்போர்ட் (பின்னால் வெளியே பூட்டுகிற எஞ்சின்), பற்றரி ஒன்றே ஒன்று. போன கோடையில் பழைய காரில் இருந்த அம்ப்ளிஃபயரை (அம்ப்) கழற்றி இதில் பூட்டினேன், 75 வாட் ஸ்பீக்கர் நாலு. கறுப்பு வயரைக் காரில் செய்வதுபோலவே பக்கத்து அலுமினியச் சட்டத்தில் ஸ்குரூ அடித்து இறுக்கிவிட்டேன். முதல் மாதம் நன்றாகத்தான் பாடியது. ஓகஸ்டில் ஜோர்ஜினா தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு மூன்று மணித்தியாலம் பாட்டும் சாப்பாடுமாக இருந்துவிட்டு, வெளிக்கிடுவோம் என்று சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமி, பிள்ளைகள் எல்லாரும் படகில். வேறொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தமும் வரும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். பெரிய பற்றரி போட்டால் சரிவருமா?

பழைய_வயர்மன்:
தம்பி, பற்றரி பிறகு. முதலில் அந்த ஸ்குரூவைக் கழற்றுங்கள். காரின் பாடி நெகட்டிவ் வயராக வேலை செய்யும், ஆனால் உங்கள் அலுமினியம் தண்ணீரில் கிடக்கிறது. அதன் வழியே மின்சாரம் திரும்பினால் கொஞ்சம் தண்ணீருக்குள்ளும் கசியும், மிதவைக் குழாயை மெல்ல மெல்ல அரிக்கும். அம்பின் நெகட்டிவ் தனி வயராகப் பற்றரி வரை வர வேண்டும். கீச்சுச் சத்தமும் பெரும்பாலும் அந்த எர்த்தால்தான்.

வயர், வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். காருக்கு விற்கிற மலிவுக் கிட்டில் சில நேரம் செம்பு பூசிய அலுமினியத்தைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். பற்றரி பின்னால், அம்ப் முன்னால் என்றால் போய்வர 30 அடி, 4 கேஜைவிட மெல்லிசாகப் போடாதீர்கள். பியூஸ் அம்பின் பக்கத்தில் அல்ல, பற்றரியின் பக்கத்தில். அமெரிக்காவில் படகுத் தரங்களை வகுக்கும் ஏபிவைசி அமைப்பின் விதி 7 அங்குலத்துக்குள் என்கிறது. நடுவழியில் வயர் உரசி ஷோர்ட் ஆனால் காப்பாற்றப்போவது அதுதான்.

மிச்சிகன்காரன்:
கணக்கு போட்டுப் பாருங்க. 4 x 75 = 300 வாட், மின்சாரத்தைக் குறைவா வீணாக்குற கிளாஸ் டி ஆம்ப்னாகூட முழுச் சத்தத்தில் 30 ஆம்பியர் தாண்டும். பாட்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடாது, சராசரி 10 என்றே வைப்போம். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 5 மணி நேரம். ஆட்டம்பாட்டம்னா அதில் பாதி. உங்களுடையது ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி, இப்படி இறக்கி இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். பெரிசா ஒண்ணு வேண்டாம், ரெண்டாவது ஒண்ணு போடுங்க: டீப் சைக்கிள் (இறக்கி இறக்கி ஏற்றினாலும் தாங்குறது), பாட்டுக்கு மட்டும். நடுவில் ஒரு வோல்டேஜ் ரிலே வைத்தால் எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் பிரிந்துவிடும். ஆனால் 60 குதிரைவலு அவுட்போர்ட் கொடுப்பது சுமார் 20 ஆம்பியர்தான், அரை மணி ஓட்டினால் நிரம்பாது. கரைக்கு வந்ததும் சார்ஜரில் போடுங்க.

தண்ணிக்காரி:
ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியைத் திருப்பிவிடும், இரண்டையும் தள்ளி வையுங்கள். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அம்பை ஓடவிட்டு ஒரு முறை கேட்டுப் பாருங்கள், எங்கள் படகில் பாட்டு போட்டால் ஆபத்துக்கு அழைக்கிற 16ஆம் சானலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. அம்பை ஆன்டெனா வயரிலிருந்து விலக்கிய பிறகுதான் அடங்கியது. அப்புறம், மாலையில் ஏரியில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று கரையில் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள் 🙂

கெஸ்விக்_தம்பி:
அண்ணை, இன்றைக்கு ஸ்குரூவைக் கழற்றினேன். சுற்றிவர வெள்ளைப் பொடி, வயரை வெட்டினால் அரை அடி உள்ளே வரை பச்சை! இரண்டாவது பற்றரிக்குச் சொல்லிவிட்டேன். அம்பைப் பழைய இடத்திலேயே வைக்கலாம்தானே? பின் இருக்கைக்குக் கீழே, பெற்றோல் ராங்கிக்குப் பக்கத்தில்.

பழைய_வயர்மன்:
வேண்டவே வேண்டாம்! பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், இருக்கைக்குக் கீழேதான் தேங்கும். கார் அம்பில் ஒரு பொறி கிளம்பினால் போதும். ஸ்டீயரிங் இருக்கிற முன் கொன்சோலுக்குள், தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் படுகிற மாதிரிப் பூட்டுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி, வயர் வேலை அடுத்த கிழமை பார்க்கலாம்.