மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டேப் எதற்கு? ஒன்றேகால் லட்ச ரூபாய்க் கேள்வி

நெல்லிக்குப்பத்து அப்பா:
எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒன்றேகால் லட்சம் தந்திருக்கிறார்கள். ஸ்மார்ட் வகுப்பறைத் திரை ஏற்கெனவே வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் "பத்து டேப் (கைக்கணினி) வாங்கிப் போட்டால் தனியார் பள்ளி வேனில் ஏறுகிற பிள்ளைகள் இங்கே வருவார்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் கதைப் புத்தகம் வாங்கலாம், மாலையில் வாசிக்கவைக்க ஓர் ஆள் போடலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை வாத்தியார்:
டேப் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆள் பழங்கதை பேசுகிறான் என்று நினைத்தாலும் சரி.

பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு, என் திண்ணையில் உட்கார்ந்துதான் அம்மாவின் செல்போனில் தமிழ் 'விளையாடும்'. படத்துக்குக் கீழே மூன்று சொற்கள் வரும். முதல் சொல்லைத் தட்டும், 'டொய்ங்' என்று சத்தம். இரண்டாவதைத் தட்டும், மறுபடி 'டொய்ங்'. மூன்றாவதில் கைதட்டல், ஒரு நட்சத்திரம். சொல்லைப் படிக்கவே இல்லை, சத்தத்தைத்தான் தேடுகிறது. ஐந்து நட்சத்திரம் வாங்கி முடித்ததும் பென்சிலைக் கொடுத்து, "பள்ளிக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன்" என்று சொல்லி எழுதச் சொன்னேன். "பல்லிக்கு வெல்ல சட்ட" என்று எழுதியது. பல்லி பாவம், வெயில் காலத்தில் சட்டை வேறு.

பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வைப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. ஒரு நாடே செலவழித்துப் பார்த்த சோதனை இது. நெல்லிக்குப்பத்தில் இன்னொரு தடவை செய்துபார்க்க வேண்டுமா?

பாகூர்க்காரன்:
வாத்தியார் ஐயா, நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், அதனால் ஒருபக்கமாகப் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெருவில் இயந்திரத்தைக் கொடுத்தார்கள், அதை வைத்து எப்படிச் சொல்லித்தருவது என்று யாரும் யோசிக்கவில்லை. தில்லியில் நடந்ததைப் பாருங்கள். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பற்றி பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் எழுதிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். காரணம் திரை இல்லை. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனின் கணக்கு நான்காம் வகுப்பு அளவில் நின்றால், அது நான்காம் வகுப்புக் கேள்வியிலிருந்தே தொடங்கும். வகுப்பறையில் அவனுக்கும் எட்டாம் வகுப்புப் பாடம்தான் ஓடும், அவன் சுவரைப் பார்ப்பான்.

நீங்கள் சொல்வது மோசமான செயலி, அவ்வளவுதான். எத்தனை தடவை தட்டினால் விடை வந்தது என்று குறித்துக்கொள்கிற செயலி என்றால், அந்தச் சிறுமிக்கு நட்சத்திரம் தராமல் ல, ள பக்கமே திருப்பி அனுப்பியிருக்கும்.

கெடிலக்கரை வாத்தியார்:
தம்பி, பாதியை விட்டுவிட்டீர்களே. அந்த ஆய்வில் படித்தவர்கள் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி முடிந்த பிறகு நடந்த தனி மையம். தொண்ணூறு நிமிடத்தில் நாற்பத்தைந்து நிமிடம் மென்பொருள், மீதி நாற்பத்தைந்து நிமிடம் சின்னக் குழுவாக உட்காரவைத்து ஆளே சொல்லித்தந்தார். நெல்லிக்குப்பம் பள்ளி மேலாண்மைக் குழுவில் டேப் வேண்டாம் என்கிற மீதிப் பேர் கேட்பதும் அப்படியோர் ஆளைத்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும்?

குறிஞ்சிப்பாடி டீச்சர்:
இரண்டு பேருமே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

என்னுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, நானும் தலைமையாசிரியரும். இது சட்ட மீறல் என்று நினைக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில்.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தோம். யோசனை நல்லதுதான். பாகூர் தம்பி புகழ்கிற அதே விஷயத்தை மென்பொருள் இல்லாமல் செய்வது அது. ஆனால் மூன்று நிலைக்கும் ஒரே நேரத்தில் நான் ஒருத்திதான். அதனால் என்ன செய்கிறேன் என்றால், நான்காம், ஐந்தாம் வகுப்புக்குத் திரையில் அறிவியல் பாடம் போட்டுவிடுவேன். ஓடுகிற இருபது நிமிடத்தில் அரும்புப் பிள்ளைகளைத் தரையில் என்னைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொருவராக வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஒரு பையனுக்கு நெடிலெல்லாம் தெரிகிறது, 'கெ'வும் 'கே'வும் மட்டும் குழம்புகிறது என்பதை அப்படித்தான் பிடித்தேன். கொம்பு வளைவதைப் பார்க்கிறான், மேலே சுழிப்பதைப் பார்ப்பதில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால்தான் இது தெரியும். காதைக் கொடுக்க எனக்கு நேரம் தந்தது அந்தத் திரை.

கெடிலக்கரை வாத்தியார்:
டீச்சர், நீங்கள் சொன்னதை நான் அப்படியே என் பக்கம் எடுத்துக்கொள்வேன். மூன்றாவது ஆசிரியர் போட வேண்டிய இடத்தில் அரசு டிவி போட்டிருக்கிறது. பிள்ளை பார்த்துக்கொள்ள ஆயா வைத்த மாதிரி. நீங்களும் அதற்கு நன்றி சொல்கிறீர்கள்.

குறிஞ்சிப்பாடி டீச்சர்:
நன்றி சொல்லவில்லை சார். மூன்றாவது ஆசிரியர் கேட்டு மனு போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் வரும்வரை அந்த இருபது நிமிடத்துக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே செய்கிறேன்.

தேவனாம்பட்டினத்து அம்மா:
பள்ளிக்குள்ளே என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப்பாடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று யாராவது எழுதுவீர்களா என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு செல்போன். விடிவதற்கு முன்னால் அவரோடு கடலுக்குப் போய்விடும். திரும்பி, மீன் ஏலம் முடிந்து வந்தால் அவர் தூங்க வேண்டும், போனுக்குச் சார்ஜ் ஏற வேண்டும். 'புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடைத் தட்டிப் பார்த்து வரவும்' என்று குழுவில் செய்தி வரும். எதை வைத்துத் தட்டுவது?

2024இல் ஃபெஞ்சல் புயல் மழை, அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். அந்த வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்த வீடுகளில் பாடப் புத்தகம் மட்டும்தான் வேலை செய்தது. அதுவும் நனையாமல் இருந்த வீட்டில்.

பாகூர்க்காரன்:
அக்கா சொல்வது சரி. வீட்டுப்பாடத்துக்குப் போனைக் கட்டாயமாக்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பள்ளி டேப் பள்ளியிலேயே இருக்கும். அப்புறம் இன்னொன்று: எங்கள் பக்கம், ஆற்றுக்கு வடக்கே புதுச்சேரியில், அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்குப் போய்விட்டன. தமிழ்நாட்டுப் புத்தகத்துக்கென்று செய்த காணொளிகள் எங்கள் பிள்ளைகளின் பாடத்தோடு ஒட்டாது. அதனால் பாடத்துக்குப் பாடம் வீடியோ என்று போகாமல், எழுத்து, வாசிப்பு, கூட்டல் கழித்தல் பயிற்சி தருகிற, இணையம் இல்லாமலும் ஓடுகிற செயலியாகப் பாருங்கள். பாடத்திட்டம் மாறினாலும் 'கே' மாறாது.

கண்பார்வை குறைந்த பிள்ளையும் எழுத்துகளைக் கோத்துப் படிக்கத் திணறும் பிள்ளையும் எல்லா ஊரிலும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கவும் வாசித்துக் காட்டவும் ஒரு டேப் போதும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி இங்கே யாரும் பேசவே இல்லை.

கெடிலக்கரை வாத்தியார்:
அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ வாங்குங்கள், யார் மறுத்தார்கள்? பத்து எதற்கு? கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது, பேட்டரி வீங்கினால் யார் பார்ப்பது, இரவில் எந்தப் பீரோவில் வைப்பது, சாவி யாரிடம்? நன்கொடை கொடுப்பவர்கள் பொருளைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பழுதுபார்ப்புக்கு எந்த முன்னாள் மாணவரும் நிதி திரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நெல்லிக்குப்பத்து அப்பா:
எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: மூன்று டேப், காதில் மாட்டும் ஹெட்போனோடு. முதல் உரிமை பாகூர்த் தம்பி சொன்ன பிள்ளைகளுக்கு. பழுதுக்கென்று பதினைந்தாயிரம் தனியாக. மீதி முழுவதும் கதைப் புத்தகத்துக்கும், மாலையில் வாசிக்கவைக்கிற ஆளின் சம்பளத்துக்கும். டீச்சர், அந்த ஆளை நீங்கள் சொன்ன மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் படிப்பதைக் கேட்க மட்டும் வைத்தால் போதுமா?

குறிஞ்சிப்பாடி டீச்சர்:
போதும். ஆனால் ஒரு நோட்டு கொடுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று தேதி போட்டு எழுதி, மறுநாள் காலை வகுப்பாசிரியர் மேசையில் வைக்க வேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதே வீண். தயவுசெய்து அதைச் செயலியில் ஏற்றச் சொல்லிவிடாதீர்கள்.

பாகூர்க்காரன்:
டீச்சர், அந்த நோட்டைத்தான் நான் இவ்வளவு நேரம் செயலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

கெடிலக்கரை வாத்தியார்:
நோட்டு நாற்பது ரூபாய் தம்பி. மூன்று டேப்பும் எனக்கு அதிகம்தான். நான் குழுவில் இருந்தால் ஒன்றுக்குத்தான் கை தூக்குவேன்.